மிலாக்ரோஸின் தண்ணீர்த் தொட்டி

பெப்ரவரி பிறந்தால் மிலாக்ரோஸ் குளியல் தொட்டியை விளிம்பு மட்டும் நிரப்பி வைத்துவிடுவார். மார்ச் வரும்வரை அந்தத் தண்ணீரில் யாரும் கை வைக்கக்கூடாது. அவரைக் குளிக்கவார்ப்பதோ என் வேலை. தொட்டி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு எண்பத்தெட்டு வயது மனுஷியை எங்கே நிறுத்திக் குளிக்கவார்ப்பது? மூன்று பெப்ரவரியாக எங்களுக்குள் இதே சண்டைதான்.

என் பெயர் கிளடிஸ். மன்னாரில் அடம்பன் பக்கம். இப்போது கனடாவில், மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் பிடித்து வோபர்னுக்கு வந்து, ஒரு பழைய கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் தனியாக இருக்கும் இந்தப் பிலிப்பைன்ஸ்கார மனுஷியைப் பார்த்துக்கொள்கிறேன். கிழமைக்கு நாலு நாள், பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. குளிக்கவார்ப்பேன், உடுப்பு மாற்றுவேன், மருந்து கொடுப்பேன், கஞ்சி காய்ச்சுவேன். இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். என் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் சேர்ந்தால் எப்படியோ ஒரு முழு ஆங்கிலம் வந்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, என்னை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்தின் கோர்டினேற்றர் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "தொட்டி நிறையத் தண்ணீர் இருப்பது ஆபத்து. வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? இன்றைக்கு வெறுமையாக்கிவிட்டு எனக்கு எழுதி அனுப்பு." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் அதே எரிச்சல்தான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கை வரை பச்சைத் தண்ணீரில் விட்டு அடைப்பானைத் தேடினேன்.

மிலாக்ரோஸ் வோக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து குளியலறை வாசலில் நின்றார்.

"எடுக்காதே."

"மிஸ் மிலா, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். இது கனடா."

"மணிலாவிலும் குழாய் இருந்தது," என்றார்.

மணிலாக் கதை எனக்கு அரைவாசி தெரியும். 1945ஆம் ஆண்டு பெப்ரவரி. அவருக்கு எட்டு வயது. யப்பான் படை நகரத்துக்குள் சந்திக்குச் சந்தி மணல்மூட்டை அடுக்கி, வீடுகளுக்குள்ளும் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் துவக்கோடு இருந்தது. அமெரிக்கப் படை ஆற்றுக்கு அப்பால் நின்று எறிகணை அடித்தது. நடுவில் சனம். சில நாளிலேயே குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. எர்மிதா என்ற பகுதியில் இவர்களுடைய வீடு. கீழே கல், மேலே பலகை. வீட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் சேர்க்கும் கல் தொட்டி ஒன்று இருந்தது. அந்தத் தொட்டி வரை சொல்லுவார். அதற்கு மேல் போகமாட்டார், ரிவியைப் போடு என்பார். நானும் கேட்பதில்லை. நிறுத்தவேண்டிய இடம் ஒன்று எனக்கும் உண்டு.

அடைப்பான் விரலில் பட்ட நேரம்தான் கட்டடத்தின் தீ அலாம் அடித்தது.

அந்தக் கட்டடத்தில் அலாம் அடிப்பது ஒரு புதினமே அல்ல. யாராவது கருவாடு பொரித்தால் அடிக்கும். பாண் துண்டைக் கருக்கினால் அடிக்கும். தானாக நிற்கும் என்று நானும் இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தேன். நிற்கவில்லை. பிறகு வெளி நடையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. ஆறாம் மாடியில் தீ. ஏழாம் மாடியிலும் அதற்கு மேலும் இருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கவும். கதவைத் திறக்கவேண்டாம். உள்ளே நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதும் அடைப்பானை விட்டுக் கையை வெளியே எடுத்தேன்.

பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்று எனக்கு முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். 2009இல், வன்னியில். வானொலியில் சொன்னார்கள், துண்டுப் பிரசுரத்திலும் சொன்னார்கள். இந்தக் கோட்டுக்குள் இருங்கள், இது பாதுகாப்பு வலயம் என்றார்கள். நானும் என் மகள் ஷரோனும், என் அக்கா வேரோனிக்காவும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தக் கோட்டுக்குள் பங்கர் வெட்டி இருந்தோம். எறிகணைச் செல் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. ஒரு விடியற்காலை, போவோம் என்றேன். அக்கா மாட்டேன் என்றாள். பங்கருக்குள் இருந்தால் தப்பலாம், வெளிக்கிட்டால் சாவுதான் என்றாள். நான் ஷரோனை இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. பெரியம்மாவின் பிள்ளைகளை விட்டு வரமாட்டேன் என்று கத்தி, என் வலது மணிக்கட்டில் கடித்தாள். இரத்தம் வந்தது. நான் பிடியை விடவில்லை. அன்று மத்தியானம் அந்தப் பங்கருக்கு மேலேயே செல் விழுந்ததாக, பிறகு முகாமில் ஒருவர் சொன்னார்.

மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் மரித்தோர் திருநாளில் அக்காவுக்கு மெழுகுதிரி கொளுத்தி மன்றாடுவேன். மன்றாடி முடிந்த கையோடு ஏசுவேன். சொன்னேனே, கேட்டாயா? பிடிவாதம் பிடித்துப் பிள்ளைகளையும் கொண்டுபோனாயே? பதினாறு வருஷமாக இந்த ஏச்சு ஓயவில்லை. கோயிலில் பக்கத்தில் நிற்பவர்கள் நான் உருகி உருகிச் செபிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஆகவே உள்ளே இருங்கள் என்று யார் சொன்னாலும் என் கால் வெளியே போகும். கையை உதறிவிட்டு மிலாக்ரோஸின் குளிர்க் கோட்டை எடுத்தேன்.

"வெளிக்கிடுங்கள். கீழே போகிறோம்."

"உள்ளே இருக்கச் சொன்னார்கள்."

"அவர்கள் சொல்லுவார்கள். அவர்களா இங்கே இருக்கிறார்கள்?"

நெருப்பு நேரம் எலிவேற்றர் ஓடாது. ஒன்பது மாடிப் படி. வோக்கர் இல்லாமல் பத்து அடி நடக்கமாட்டாத மனுஷி. தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். போன கிழமைதான் நிறுத்துப் பார்த்தேன், நாற்பத்தொரு கிலோ. ஒரு கையால் அவருக்குக் கோட்டை மாட்டிவிட்டுக்கொண்டே மறு கையால் ஷரோனுக்குப் போன் அடித்தேன். மார்க்கம் நகரில் ஒரு கொம்பியூட்டர் நிறுவனத்தில் அவளுக்கு வேலை.

"அம்மா, கதவைத் தொட்டுப் பாருங்கோ. சூடா இருக்கே?"

"இல்லை. ஆனா புகை மணக்குது."

"அப்ப உள்ளுக்கை இருங்கோ. ஹை-ரைஸிலை அதுதான் ரூல். நைன் வன் வன்னுக்கு அடிச்சு யூனிற் நம்பரைச் சொல்லுங்கோ. ப்ளீஸ் அம்மா, கதவைத் திறக்காதேங்கோ."

"உள்ளுக்கை இருங்கோ, உள்ளுக்கை இருங்கோ! எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம். உன்ரை பெரியம்மாவும் உள்ளுக்கைதானே இருந்தவ?"



"அம்மா, இது அது இல்லை."

"உனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கதவுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் புகை நூலாக வரத் தொடங்கியிருந்தது. அதைக் கண்டதும் எனக்கு இருந்த கொஞ்சப் புத்தியும் போய்விட்டது. மிலாக்ரோஸை வோக்கரிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் எதிர்க்கவில்லை. நான் ஏன் தூக்கினேன் என்று அவருக்குப் புரியவில்லைபோல. முழங்கையால் கைப்பிடியை அமத்திக் கதவைத் திறந்தேன்.

நடை முழுக்கப் புகை. விளக்குகள் மஞ்சளாக, எங்கேயோ தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தன. எதிர் வீட்டு மாக்கஸ், ஓய்வுபெற்ற பஸ் ட்ரைவர், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். புகைக்குள் நின்று வீட்டைப் பூட்டுகிறார் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"வா, வா," என்றார். "படி அந்தப் பக்கம். நான் காலைப் பிடிக்கிறேன், நீ தோளைப் பிடி. சீக்கிரம்."

எனக்கு உயிர் வந்தது. ஓர் அடி வைத்தேன். அப்போதுதான் மிலாக்ரோஸ் கண்டார். புகையை, திறந்த கதவை, வெளியே வா என்று கை காட்டும் ஆண் ஒருவரை. அவருடைய உடம்பு விறைத்தது. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தன்னுடைய பாஷையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார். அர்த்தம் கேட்கத் தேவையில்லை. நான் இழுத்தேன். நாற்பத்தொரு கிலோவில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது? விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்றைக் கழற்ற மற்றது பிடித்தது. மாக்கஸ் இருமிக்கொண்டு, "வருகிறாயா இல்லையா?" என்று கத்தினார்.

மிலாக்ரோஸ் என் கையைக் கடித்தார். எண்பத்தெட்டு வயதிலும் சொந்தப் பல். தினமும் தீட்டிவிடுகிறவள் நான்தான்.

நான் விட்டுவிட்டேன்.

ஏன் விட்டேன் என்று அப்போது யோசிக்கவில்லை. இருவரும் வீட்டுப் பக்கமாகத்தான் விழுந்தோம். காலால் கதவை உதைத்துச் சாத்தினேன். வெளியே மாக்கஸின் சப்பாத்துச் சத்தம் படிப் பக்கமாகப் போனது. பிறகு படிக் கதவு அடித்துச் சாத்தும் சத்தம்.

நான் நிலத்தில் கிடந்து அழுதேன். பயத்தைவிடக் கோபம்தான் கூட. கிழவியின் பிடிவாதத்தால் நானும் சாகப்போகிறேன், அக்காவின் பங்கரிலிருந்து தப்பிவந்து இந்த மனுஷியின் வீட்டில் சாகப்போகிறேன் என்று தமிழில் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் சட்டை செய்திருக்கமாட்டார். நிலத்தில் இருந்தபடியே கட்டளை போட்டார்.

"துவாய். எல்லாத் துவாயும். தொட்டியில் நனை."

அலமாரியிலிருந்த அத்தனை துவாய்களையும் அள்ளித் தொட்டிக்குள் அமத்தினேன். தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கதவின் கீழே திணித்தேன். போர்வையை நனைத்துக் கதவின் பக்க இடைவெளியில் செருகினேன். இந்தத் தொட்டியையா வெறுமையாக்க இருந்தேன்? குழாயைத் திறந்து ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இருந்திருக்காது. மறுபடியும் கதவைத்தான் திறந்திருப்பேன்.

அவசர இலக்கத்துக்கு அடித்து ஒன்பதாம் மாடி, யூனிற் இலக்கம், நடக்கமாட்டாத ஒருவர் இருக்கிறார் என்று சொன்னேன். அங்கேயும் அதே பேச்சுத்தான். உள்ளே இருங்கள், யன்னல் உள்ள அறைக்குப் போங்கள், வருவார்கள். எப்போது என்று கேட்டேன். வருவார்கள் என்றார்கள்.

படுக்கையறையில், யன்னலுக்குக் கீழே நிலத்தில், ஆளுக்கொரு ஈரத் துவாயை மூக்கில் வைத்துக்கொண்டு இருந்தோம். அலாம் நிற்காமல் அடித்தது. ஒவ்வொரு நிமிஷமும் எழுந்து போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். புகை குறைந்ததா கூடியதா என்று எனக்கே தெரியவில்லை. ஐந்தாவது தடவை எழுந்தபோது மிலாக்ரோஸ் என் பாவாடையைப் பிடித்து இருத்தினார். பிறகு, எப்போதும் கல் தொட்டியோடு நிறுத்திவிடும் மணிலாக் கதையின் மிச்சத்தைச் சொன்னார்.

"யப்பான்காரர் எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். அப்பா கதவைத் திறந்தார். அம்மாவும் அக்காமார் இரண்டு பேரும் பின்னால் போனார்கள். சந்தியில் மெஷின்கன் வைத்திருந்தார்கள். வெளியே வருகிறவர்களைச் சுடுவதற்காகவே நெருப்பு வைத்திருக்கிறார்கள். அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் குதித்தான். எனக்குக் கழுத்து மட்டும் தண்ணீர். மேலே வீடு எரிந்தது. அப்பா உடனே சாகவில்லை. தெருவில் கிடந்து எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அண்ணன் என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். நாலு நாள் இருந்தோம்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்த நேரத்திலும் கேட்டேன். "அப்பா கதவைத் திறக்காமல் இருந்திருந்தால்?"

மிலாக்ரோஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எரிகிற வீட்டிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுபோகாமல் என்ன செய்வார்? பக்கத்து வீட்டிலும் தொட்டி இருந்தது. அவர்கள் ஏழு பேரும் அதற்குள் இறங்கினார்கள். வீடு அவர்களுக்கு மேல் விழுந்தது."

ஏழு பேர் என்பது என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் போனதோ, கதவில் தடதடவென்று தட்டினார்கள். யாரோ ஆண் குரல் கத்தியது. நான் துள்ளி எழுந்தேன். மிலாக்ரோஸ் என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"திறக்காதே."

"மிஸ் மிலா, அவர்கள் நெருப்பு அணைக்க வந்தவர்கள்."

"கையைப் பார். முதலில் கையைப் பார். அண்ணன் அப்படித்தான் பார்த்தான். நாலாம் நாள் வந்தவனின் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதைக் கண்ட பிறகுதான் அண்ணன் சத்தம் போட்டான்."

காலை விடுவித்துக்கொண்டு போய்க் கதவிலிருந்த சின்னக் கண்ணாடியால் பார்த்தேன். முகமூடி போட்ட இரண்டு பேர். முகமே இல்லை. ஒருவனின் கையில் கோடாரி, மற்றவனின் கையில் நீள இரும்பு.

"கையில் என்ன?" என்று அறைக்குள்ளிருந்து கேட்டார்.

மூன்று வருஷத்தில் அந்த மனுஷிக்கு நான் பொய் சொன்னதில்லை. ஏசியிருக்கிறேன், பொய் சொன்னதில்லை.

"தண்ணீர்," என்றேன். துவாய்களை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அவர்கள் மிலாக்ரோஸைக் கதிரையில் வைத்துப் பட்டி போட்டு ஒன்பது மாடியும் சுமந்து இறக்கினார்கள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், என் கையை மட்டும் விடவில்லை. படிச் சுவரெல்லாம் கரி. ஏழாம் மாடித் திருப்பத்தில் ஒரு தொப்பி கிடந்தது. பார்த்ததும் தெரிந்தது, மாக்கஸுடையது.

"இந்தப் படியால் இறங்கியவர்?" என்று கதிரையைத் தூக்கியவர்களில் ஒருவனிடம் கேட்டேன்.

"அங்கேதான் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்."

"இருக்கிறாரா?"

அந்தப் பொடியன் முகமூடியைக் கழற்றியிருந்தான், இருபத்தைந்து வயதுகூட இராது. "நீங்கள் கதவை அடைத்துக்கொண்டு இருந்தது நல்லது," என்றான். "அப்போது படி முழுக்கப் புகை. ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் இரண்டு மாடிகூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள்."

மிலாக்ரோஸின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கீழே வரும்வரை விடவில்லை.

வெளியே குளிருக்கு ஒதுங்குவதற்கு ஒரு நகரப் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஹீற்றர் போட்டிருந்தது. மிலாக்ரோஸை யன்னல் பக்கம் இருத்தி, என் கோட்டையும் அவருக்கு மேல் போட்டேன். அதற்குள் கோர்டினேற்றர் கூப்பிட்டாள். எல்லாரும் சுகமா என்று கேட்டாள், நல்ல பிள்ளை. பிறகு, அறிக்கைக்காகக் கேட்கிறேன், தொட்டி வெறுமையாக்கப்பட்டதா என்றாள்.

"இல்லை," என்றேன். "இனியும் நான் அதில் கை வைக்கமாட்டேன். வேண்டுமென்றால் நீங்கள் வந்து வெறுமையாக்குங்கள்."

ஷரோன் மார்க்கத்திலிருந்து எப்படி ஓட்டிக்கொண்டு வந்தாளோ தெரியாது. பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொரு ஆசனமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் ஏசத்தான் வாயைத் திறந்தாள். என் கையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்து, அந்தக் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். பழைய தழும்புக்குக் கொஞ்சம் மேலே புதுப் பல் அடையாளம், வீங்கிச் சிவந்து.

"உது ஆர் கடிச்சது?"

"அவதான். நான் வெளியிலை இழுக்க, வரமாட்டன் எண்டு கடிச்சவ."

ஷரோன் பழைய தழும்பைப் பெருவிரலால் தடவினாள். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

"நான் கடிக்கேக்கை நீங்கள் விடேல்லை," என்றாள். "இண்டைக்கு ஏன் விட்டனீங்கள்?"

யோசித்துப் பார்த்தேன். ஏதாவது நல்ல காரணம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். புகையைப் பார்த்துக் கணித்தேன் என்றோ, மாதா மனதில் பேசினா என்றோ சொல்லலாம். ஒன்றும் இல்லை. கை நொந்தது, விட்டேன். அன்றைக்கும் கை நொந்தது, விடவில்லை. அவ்வளவுதான்.

"தெரியாது பிள்ளை," என்றேன். "அண்டைக்கும் எனக்கு ஒண்டும் தெரியாது. இண்டைக்கும் தெரியாது."

சொல்லி முடிக்க முதல் அழுகை வந்துவிட்டது. "அக்காவுக்கும் தெரிஞ்சிருக்காதடி. அவளும் பிள்ளையளைக் காப்பாத்தத்தானே உள்ளுக்கை இருந்தவள். நான் சும்மா சும்மா அவளை ஏசிக்கொண்டிருந்திட்டன்." பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. பதினாறு வருஷத்தில் முதல்முறையாக வேரோனிக்காவை ஏசாமல் அவளுக்காக அழுதேன். ஷரோன் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள், அவளும் அழுதாள்.

மிலாக்ரோஸ் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். மூக்கில் வைத்திருந்த ஈரத் துவாய் இன்னும் அவருடைய மடியில் கிடந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தொட்டியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டார்.

"பாதி."

"மாசம் இன்னும் முடியவில்லை."

"தெரியும்," என்றேன் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "வீட்டுக்குப் போனதும் நானே நிரப்பிவிடுகிறேன்."